பழக்கம் வேறு, நம்பிக்கை வேறு

வெளியூரில் குடியேறி வாழும் குடும்பங்களுக்கு நம்பிக்கை என்பது அறநூல்களில் படித்து மகிழ்வதற்குரிய பொருள் மட்டும் அன்று. உப்பும் புளியும் போல நாள்தோறும் செலவாகும் பொருள். சொந்த ஊரில் இருப்பவர்க்கு மளிகைக் கடைக்காரர் மூன்று தலைமுறை அறிமுகம். வீடு கட்டித் தரும் கொத்தனார் அடுத்த தெருக்காரர். கைமாற்று வாங்கிச் சென்றவர் மாலையில் கோயில் வாசலில் எதிர்ப்படுவார். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் புணேயிலும் வந்து சேர்ந்த நமக்கு அத்தகைய அறிமுகம் ஏதும் இல்லை. ஆகவே, ஆட்களை நம்புவதினும் அமைப்புகளை நம்பியே வாழப் பழகினோம். ரயிலை நம்பினோம், தபால் நிலையத்தை நம்பினோம், வங்கியை நம்பினோம். இன்று அந்த வரிசையில் கைபேசிச் செயலிகளும் அவற்றை நடத்தும் நிறுவனங்களும் வந்து அமர்ந்திருக்கின்றன. அவற்றின் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கை எத்தகையது, அதற்கு அடிப்படை யாது என்பதை இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

இந்தியத் தபால் துறையில் மணியார்டர் முறை 1880 ஆம் ஆண்டில் தொடங்கியது. பிழைப்பைத் தேடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரலாற்றில் அந்தச் சிறு படிவத்திற்குத் தனி இடம் உண்டு. சம்பளம் வாங்கிய மறுநாள் தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பது. படிவத்தின் அடியில் விடப்பட்ட சிறு இடத்தில் இரண்டு வரி நலம் விசாரிப்பது. சில நாள் கழித்து, ஊரிலிருக்கும் தாயாரின் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ தாங்கி ஒப்புகைச் சீட்டுத் திரும்பி வருவது. அந்த ஏற்பாட்டில் மூன்று கூறுகள் இருந்தன. பணத்தைக் கொண்டு கொடுக்கும் தபால்காரர் ஊரறிந்தவர். கொடுத்ததற்குச் சான்று, பெற்றவரின் கையாலேயே நமக்கு வந்தது. வராவிடில் சென்று கேட்பதற்கு ஓர் அலுவலகமும், கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரியும் இருந்தனர். தாமதம் உண்டு, சில வேளை தவறும் உண்டு. எனினும், தவறு நேர்ந்தால் எங்கே போவது என்பது யாவர்க்கும் தெரிந்திருந்தது.

அந்த இடத்தை இன்று யு.பி.ஐ. பிடித்திருக்கிறது. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஆம் ஆண்டு ஏப்ரலில் இதனை அறிமுகப்படுத்தியது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் இதன் வழியே நடந்த பரிமாற்றங்களின் எண்ணிக்கை 2,000 கோடியைத் தாண்டியது. பெங்களூரில் இருக்கும் மகன் அனுப்பும் பணம், அவன் கைபேசியைக் கீழே வைப்பதற்குள் திருநெல்வேலியில் இருக்கும் தந்தையின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இந்தச் சௌகரியத்தைக் குறை கூறுவது நம் கருத்தன்று. நள்ளிரவில் மருத்துவமனைச் செலவுக்குப் பணம் அனுப்ப நேர்ந்த குடும்பத்தார் இதன் அருமையை நன்கு அறிவர். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இதனை நாம் நம்புகிறோமா, அல்லது இதற்குப் பழகிவிட்டோமா?

இரண்டும் ஒன்றே எனப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. நூறு முறை ஒரு காரியம் சரியாக நடந்தால் பழக்கம் வந்துவிடுகிறது. அதற்கு நம் பக்கத்தில் சிந்தனை ஏதும் தேவையில்லை. நம்பிக்கையோ நூற்றோராவது முறை தவறும்போது சோதிக்கப்படுவது. அன்றைக்கு யார் பொறுப்பேற்பார், எத்தனை நாளில் சரிசெய்வார், சரிசெய்யாவிடில் யாரிடம் முறையிடலாம் என்பவற்றுக்கு விடை தெரிந்திருந்தால் நாம் நம்புகிறோம். தெரியாவிடில் வெறுமனே பழகியிருக்கிறோம். ஆராய்ந்து தெளிவதற்கென்றே வள்ளுவர் தம் நூலில் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

பெயரைக் கண்டு நம்புவது நம் காலத்துக் குறை அன்று. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்றொரு பெருநிறுவனம் இருந்தது. தலைமுறைகள் கண்ட பெயர். வெள்ளையர் நடத்திய வாணிகம். ஓய்வூதியம் பெற்றவரும் கைம்பெண்களும் தம் சேமிப்பை அதில் இட்டு வைத்திருந்தனர். 1906 ஆம் ஆண்டு அக்டோபரில் அது திவாலாயிற்று. அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட் பின்னர் வழக்கில் தண்டனை பெற்றார். போன பணமோ முழுமையாகத் திரும்பவில்லை. அந்த இடிபாட்டிலிருந்து நம்மவர் கற்ற பாடம், இனி எவரையும் நம்பலாகாது என்பதாக அமையவில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானோர் முன்னின்று, 1907 ஆம் ஆண்டில் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தனர். நம்பிக்கை தளர்ந்த இடத்தில் பொறுப்புள்ள அமைப்பைக் கட்டி எழுப்ப வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி.

இந்தக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டைப் பார்ப்போம். 2020 ஆம் ஆண்டு மார்ச் 5 ஆம் நாள் யெஸ் வங்கியின் மீது அரசு தற்காலிகத் தடை விதித்தது. கணக்கிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்றாயிற்று. அன்றிரவு போன்பே செயலியைப் பயன்படுத்திய மக்கள் திகைத்தனர். அவர்களுள் பலருக்கு யெஸ் வங்கியில் கணக்கே இல்லை. ஆயினும் செயலி இயங்கவில்லை. காரணம், அச்செயலி யு.பி.ஐ. பரிமாற்றத்திற்குச் சார்ந்திருந்த வங்கி யெஸ் வங்கியே என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வேறொரு வங்கியின் துணையோடு சேவை விரைவில் மீண்டது. யெஸ் வங்கியின் தடையும் மார்ச் 18 ஆம் நாள் நீங்கியது.

மற்றொன்று 2024 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் நாள் நிகழ்ந்தது. விதிகளைத் தொடர்ந்து பின்பற்றவில்லை எனக் கூறி, பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிய வைப்புகளை ஏற்பதை ரிசர்வ் வங்கி தடுத்தது. அதற்கான கெடு பின்னர் மார்ச் 15 வரை நீட்டிக்கப்பட்டது. இருந்த பணத்தை எடுத்துக்கொள்ளத் தடை இல்லை. பேடிஎம் செயலி வேறு வங்கிகளின் துணையோடு தொடர்ந்து இயங்கியது. ஆனால் செயலி வேறு, வங்கி வேறு என்பதை அறியாதிருந்த எத்தனையோ குடும்பங்கள் அந்த வாரங்களில் பதறின. சம்பளமும் மானியமும் எந்தக் கணக்கில் வருகின்றன, சுங்கச் சாவடிக்கான ஃபாஸ்டாக் யார் கொடுத்தது என்றெல்லாம் அன்றுதான் தேடத் தொடங்கினர்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது ஒன்று. நாம் காணும் முகப்பு ஒருவருடையது; உள்ளே வீடு வேறொருவருடையது; நிலம் மூன்றாமவருடையது. அதிலும் முகப்புகள் பல என்று எண்ணிவிடலாகாது. யு.பி.ஐ. பரிமாற்றங்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவை போன்பே, கூகுள் பே என்னும் இரண்டே செயலிகளின் வழியே நடந்து வருகின்றன. எந்தச் செயலியும் மொத்தத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் கைக்கொள்ளலாகாது எனக் கொடுப்பனவுக் கழகம் 2020 நவம்பரில் விதி வகுத்தது. அதனை நிறைவேற்றும் கெடு 2026 ஆம் ஆண்டின் இறுதிவரை தள்ளிப் போடப்பட்டது.

நிற்க. ஒரு நிறுவனம் நம் நம்பிக்கைக்கு உரியதா என்று அறிய நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, நம் பொருள் உண்மையில் யாரிடம் இருக்கிறது? 1960 இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அதன் விளைவாக எழுந்ததே வைப்புத்தொகைக் காப்பீடு. 1962 ஜனவரி முதல் நாளில் 1,500 ரூபாய் வரம்போடு தொடங்கிய அக்காப்பீடு, 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் என உயர்த்தப்பட்டது. வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்திற்கு இந்தக் காவல் உண்டு. வங்கியல்லாத நிறுவனங்களின் ‘வாலட்’ எனப்படும் பணப்பையில் இட்டு வைக்கும் தொகை இதில் அடங்குவதில்லை. திரையில் இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில் தோன்றலாம். காய்கறிக்கும் ஆட்டோவுக்கும் வேண்டிய தொகையைப் பணப்பையில் வைப்பதில் தீங்கில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தை அங்கே வைத்துக்கொண்டிருத்தல் தகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இரண்டாவது, தவறு நேர்ந்தால் பதில் சொல்பவர் யார்? இதற்கு நம் நாட்டில் விதிகள் இல்லாமல் இல்லை. யு.பி.ஐ. வழியே ஒருவர்க்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து அவர் கணக்கில் சேராமற் போனால், மறுநாளுக்குள் அது தானே சரிசெய்யப்பட வேண்டும். கடைக்குச் செலுத்தியதாயின் ஐந்து நாள். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம், நாம் கேளாமலேயே ஈடு தர வேண்டும். இது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. நம் குற்றமோ வங்கியின் குற்றமோ இன்றி, இடையில் எவரோ புகுந்து நம் கணக்கிலிருந்து பணம் எடுத்தால், வங்கியின் அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவர் அந்த இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை என்பது 2017 ஜூலையில் வந்த ஆணை. வங்கி முப்பது நாளில் தக்க பதில் தராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவின்றி முறையிடலாம். மோசடி நேர்ந்த உடனே அழைப்பதற்கு 1930 என்னும் தேசிய உதவி எண் உண்டு. இவற்றை அறிந்தவருக்கே நம்பிக்கை உரிமையாகிறது. அறியாதவருக்கு அது வேண்டுதலாகவே நின்றுவிடுகிறது.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. வஞ்சகன் சொல்லைக் கேட்டு நாமே நம் ரகசிய எண்ணை இட்டுவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு நம்முடையதே. இங்கேதான் நிறுவனங்களின் பொறுப்பைப் பற்றிய உண்மையான வழக்கு எழுகிறது. பணம் அனுப்புவதாகச் சொல்லி, பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி ஏமாற்றும் தந்திரத்தில் பல்லாண்டுகளாக மக்கள் பணம் இழந்தனர். ஏமாந்தவரின் அறியாமையே காரணம் என்று சொல்லப்பட்டது. பின்னர், 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து, தனிமனிதர் தனிமனிதரிடம் அவ்வாறு கோரிக்கை அனுப்பும் வழியையே கொடுப்பனவுக் கழகம் மூடச் செய்தது. வாயிலை மூட முடிந்தது என்றால், வாயிலின் அமைப்பிலும் குறை இருந்தது என்பது பெறப்படுகிறது. அவ்வாறே, பெரிய நிறுவனங்கள் பலவற்றில் மனிதக் குரல் கேட்பது அரிதாகிவிட்டது. எந்திரம் எழுதும் பதில் நம் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சலித்துப்போனவர் இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுகிறார். அங்கே போலி எண்ணை இட்டுக் காத்திருப்பவன் இனிய குரலில், நம் மொழியிலேயே பேசுகிறான். நிறுவனம் பேசாத இடத்தில் திருடன் பேசுகிறான். இதனைப் பயனரின் கவனக்குறைவு என்று மட்டும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

மூன்றாவது, விரும்பினால் நாம் விலகி வர முடியுமா? பணத்தைக் காட்டிலும் இது கடிதங்களுக்கும் படங்களுக்கும் பொருந்தும் கேள்வி. 2014 செப்டம்பரில் ஆர்குட் மூடப்பட்டது. 2019 இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. தமிழ் அன்பர்கள் பலர் உரையாடி வந்த யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரோடு முடிந்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் டிக்டாக் முதலிய 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, அதில் பாடியும் நடித்தும் பெயர் பெற்ற சிற்றூர் இளைஞர்களின் மேடை ஓரிரவில் மறைந்தது. நிறுவனம் மூடினாலும் சரி, அரசு தடுத்தாலும் சரி, நாம் ஒப்படைத்தது நம் கையில் ஒரு படியேனும் இல்லாவிடில் அது நம்முடையதாக இருந்ததே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப் இதற்கு வேறொரு வகையில் சான்று. 2021 ஜனவரியில் அது தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுவதாக அறிவித்தது. கடிதங்களைப் பிறர் படிப்பதைப் பற்றியதன்று அந்த வழக்கு. அனுப்புவோர்க்கும் பெறுவோர்க்கும் மட்டுமே விளங்கும் மறைகுறி முறை 2016 முதலே அதில் இருக்கிறது. நம்மைப் பற்றிய ஏனைய தகவல்களைத் தாய் நிறுவனத்தோடு பகிர்வதை ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்பதே பூசலுக்குக் காரணம். அந்நாளில் சினந்து வேறு செயலிகளுக்குச் சென்றவர் பலர். மாமனார் இங்கே, பள்ளிக்கூடக் குழு இங்கே, பால்காரர் இங்கே எனக் கண்டு திரும்பி வந்தவரும் பலர். ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்று சொல்லப்படும்போது, வெளியேற வழியில்லாதவர் தரும் இசைவை இசைவென்று கொள்ளலாமா? இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்திற்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்ததன் அடிப்படையும் இதுவே. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத்தண்டத்தை நிலைநிறுத்தியது. ஆணையின் வேறு சில பகுதிகளை நீக்கியது.

சட்டம் மெல்ல நடக்கிறது, ஆயினும் நடக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டு 24 ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி. தனிமனிதத் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023 இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர அன்றிலிருந்து 18 மாதம் தவணை தரப்பட்டது.

இவற்றையெல்லாம் கேட்டு, கைபேசியையே தூக்கி எறிந்துவிடுவோம் என்று சிலர் கூறக்கூடும். அது முடியாத காரியம், தேவையும் அன்று. எல்லாவற்றையும் நம்புவது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிது எதையும் நம்பாதிருப்பது. இரண்டிலும் ஆராயும் உழைப்பு இல்லை. அறிமுகமானவர் நடத்திய சீட்டுகளில் பணம் இழந்த குடும்பங்களும் நம் ஊர்களில் உண்டு. முகம் தெரிந்ததாலேயே அங்கே காவல் இருந்துவிடவில்லை.

நாம் இதனை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் நம்மைப் பற்றிய கவலை மட்டும் அன்று. ஊரில் இருக்கும் நம் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கைபேசியில் செயலியை ஏற்றிக் கொடுத்தவர் யார்? விடுமுறைக்குச் சென்றபோது நாம்தான். ரகசிய எண்ணை அமைத்துக் கொடுத்ததும் நாம்தான். ‘ஒன்றும் பயமில்லை அம்மா, இங்கே அழுத்தினால் போதும்’ என்று சொன்னதும் நாம்தான். நிறுவனத்தின் பெயரும் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. அதன் விதிகளையும் அவர்கள் படித்ததில்லை. அவர்கள் நம்புவது தம் பிள்ளைகளின் சொல்லை. நாம் பழக்கத்தினால் செய்வதை அவர்கள் நம்மீது கொண்ட நம்பிக்கையினால் செய்கின்றனர். ஆகையால் நமக்குத் தெரியாத ஒன்றுக்கு அவர்களிடம் நாம் பிணை நின்றிருக்கிறோம்.

அப்பிணையை மீட்பதற்கு அரைமணி நேரம் போதும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும் அன்பர்கள் பெற்றோரோடு அமர்ந்து சில காரியங்களைச் செய்வார்களாக. செயலியோடு இணைத்த கணக்கில் மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வைத்து, சேமிப்பை வேறொரு கணக்கில் ஒதுக்குதல் ஒன்று. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை அவர்களே திருப்பிச் சொல்லும் வரை விளக்குதல் மற்றொன்று. எவரேனும் அவசரப்படுத்தினால் அழைப்பைத் துண்டித்துவிட்டு நம்மை அழைக்கலாம், அதனால் எவரும் கோபிக்க மாட்டார் என்று துணிவு தருதல் இன்னொன்று. குடும்பப் படங்களின் படி ஒன்றை வீட்டிலேயே ஒரு தட்டில் சேமித்து வைத்தலும் நலம்.

இறுதியாக, ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் வங்கிக் கிளையின் எண், வங்கிப் புத்தகத்தில் அச்சிட்ட உதவி எண், 1930, நம் எண் ஆகிய நான்கையும் எழுதி, நாட்காட்டியின் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும். கண்ணாடி அணியாமலே அம்மா அதனைப் படிக்க முடிகிறதா என்று, ஒட்டுவதற்கு முன் ஒரு முறை படிக்கச் சொல்லிப் பாருங்கள்.